ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன்: நமக்கு ஒரு கணக்கு, இலங்கைக்கு வேறு கணக்கு ஏன்?

மாநில நெடுஞ்சாலைப் பணி நடக்கும் இடங்களில் நிற்கும் பலகைகளில் "ஆசிய வளர்ச்சி வங்கி நிதியுதவி" என்ற வரியைப் பார்த்திருப்பீர்கள். இலங்கை பற்றிய செய்திகளிலும் அதே வங்கியின் பெயர் வருகிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது பலருக்கும் ஒரு குழப்பம் உண்டாகிறது. கடனைக் கட்ட முடியாது என்று 2022ல் கைவிரித்த நாட்டுக்குச் சலுகை வட்டி, ஒரு தவணைகூடத் தவறாத இந்தியாவுக்குச் சந்தை வட்டி. இது என்ன நியாயம்? கைவிரித்த பிறகும் அந்த வங்கி ஏன் கடன் கொடுக்கிறது?

பதிலை வட்டியில் மட்டும் தேடினால் கிடைக்காது. எந்த நாணயத்தில் திருப்பிக் கட்டவேண்டும், யார் கையெழுத்துப் போடுகிறார்கள், பணம் போதாதபோது முதலில் யாருக்குக் கட்டுகிறார்கள் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

ஒரே அலை, இரண்டு கணக்கு

2004 டிசம்பர் 26 சுனாமி அலை குமரி மாவட்டத்தின் குளச்சலையும் மணக்குடியையும் அடித்த அதே காலையில் இலங்கையின் கிழக்கு, தெற்குக் கரைகளையும் அடித்தது. மேலமணக்குடிக்கும் கீழமணக்குடிக்கும் இடையே பழையாற்றுப் பொழிமுகத்தில் இருந்த பாலம் உடைந்து போனது. 2005 ஏப்ரலில் ஆசிய வளர்ச்சி வங்கி இரு கரைகளுக்கும் பணம் ஒதுக்கியது.

இந்தியாவுக்கு 20 கோடி டாலர். தமிழ்நாடு, கேரளம் இரண்டுக்குமான இந்தத் தொகையில் 10 கோடி கொடை, 10 கோடி கடன். இலங்கைக்கு 15.7 கோடி டாலர். அதில் 15 கோடி கொடை, 70 லட்சம் மட்டும் கடன். அதாவது இங்கே பாதிக்குப் பாதி, அங்கே நூற்றுக்கு 95 பங்கு கொடை.

இலங்கையில் 30,000 பேருக்கு மேல் இறந்தார்கள், நாட்டின் கடற்கரையில் பெரும்பகுதி சிதைந்தது. இந்தியாவின் இழப்பும் பெரிது; ஆனால் தாங்கும் தோள் அகலமானது. வங்கியின் கணக்கு அந்தத் தோளைப் பார்த்தே போடப்படுகிறது. குளச்சலில் வலை இழந்தவருக்கும் இலங்கையின் காலி நகரில் வலை இழந்தவருக்கும் இழப்பு ஒன்றுதான். அவரவர் அரசின் தாங்குதிறன்தான் வேறு.

"நிதியுதவி" என்ற சொல்லால் ஏற்படும் மயக்கத்தையும் இங்கேயே நீக்கிவிடலாம். பலகையில் அப்படி எழுதியிருந்தால் அது பெரும்பாலும் கடன். கொடை என்றால் ஒப்பந்தத்தில் தனியாக அப்படியே சொல்லப்பட்டிருக்கும்.

வங்கி எப்படி இயங்குகிறது

ஆசிய வளர்ச்சி வங்கி 1966ல் பிலிப்பைன்ஸின் மணிலாவைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. இந்தியாவும் இலங்கையும் தொடக்க உறுப்பினர்கள். ஜப்பானும் அமெரிக்காவும் தலா 15 சதவீதத்துக்குச் சற்று மேல் பங்கு வைத்திருக்கின்றன. சீனாவும் இந்தியாவும் ஆறு சதவீதத்துக்குச் சற்று மேல். இலங்கையின் பங்கு ஒரு சதவீதத்தைவிடக் குறைவு. இலங்கை 1960களின் இறுதியிலேயே கடன் வாங்கத் தொடங்கிவிட்டது. இந்தியா 20 ஆண்டுகள் பங்குதாரராக மட்டும் இருந்து, 1986ல்தான் முதல் கடன் வாங்கியது.

உறுப்பு நாடுகள் தந்த முதலை மட்டும் வைத்து வங்கி கடன் கொடுப்பதில்லை. தன் உயர்ந்த தரமதிப்பீட்டை (வாங்கிய கடனைத் தவறாமல் கட்டுவார் என்பதற்கான மதிப்பெண்ணை) காட்டி உலகச் சந்தையில் குறைந்த வட்டிக்குக் கடன் பத்திரம் விற்று, அந்தப் பணத்தோடு சிறு தொகை சேர்த்து மறுகடன் கொடுக்கிறது. அந்தத் தரமதிப்பீடு சரிந்தால் வங்கியே இல்லை. இதை நினைவில் வையுங்கள். பின்னால் இலங்கை விஷயம் புரிய இதுதான் திறவுகோல்.

கடன் வாங்கும் நாடுகளை வருமானம், கடன் தாங்கும் திறன் இரண்டையும் பார்த்து மூன்று பிரிவாக வைத்திருக்கிறார்கள்:

1. சலுகை உதவி மட்டும் பெறும் ஏழை நாடுகள். கடன் 32 ஆண்டு, அதில் முதல் 8 ஆண்டு அசல் கட்டவேண்டாம். வட்டி முதலில் 1 சதவீதம், பிறகு 1.5. மிகவும் நலிந்த நாடுகளுக்குக் கொடையும் உண்டு.

2. கலப்புப் பிரிவு. சலுகைக் கடனும் சாதாரணக் கடனும் கலந்து கிடைக்கும். சலுகைப் பகுதி 25 ஆண்டு, 5 ஆண்டு அசல் விலக்கு, 2 சதவீத நிலையான வட்டி.

3. சாதாரணக் கடன் மட்டும் பெறும் நாடுகள். இந்தியா, சீனா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் இங்கே வருகின்றன.

இலங்கை நெடுங்காலம் சலுகைக் கடன் பெற்ற நாடு. வருமானம் ஏற ஏற அந்தக் கதவு மூடிக்கொண்டே வந்தது. 2019ல் உலக வங்கிக் கணக்கில் மேல் நடுத்தர வருமான நாடாக உயர்ந்து, மறு ஆண்டே கீழே இறங்கியது. நெருக்கடிக்குப் பிறகு, 2023 மே மாதம் சலுகைக் கடன் பெறும் தகுதியை ஆசிய வளர்ச்சி வங்கி மீண்டும் வழங்கியது. உலக வங்கி அதே முடிவை 2022 டிசம்பரிலேயே எடுத்திருந்தது. ஆக, சலுகை வட்டி என்பது தவறியதற்குக் கிடைத்த பரிசு அல்ல. நாடு ஒரு படி கீழே இறங்கிவிட்டது என்பதற்கான சான்றிதழ்.

டாலர் கடன் என்பது இரவல் பவுன்

அவசரத்துக்கு அக்காவிடம் ஐந்து பவுன் சங்கிலியை இரவல் வாங்கி, அதை விற்று வேலையை முடிக்கிறீர்கள் என்று வையுங்கள். திருப்பித் தரவேண்டியது அன்றைக்குக் கிடைத்த ரூபாயை அல்ல, ஐந்து பவுனை. அக்கா வட்டியே கேட்காவிட்டாலும் பவுன் விலை ஏறினால் உங்கள் கடன் ஏறியதுதான். டாலர் கடனும் இப்படித்தான்.

2005ல் ஒரு டாலர் சுமார் 44 ரூபாய். 2025ல் அது 85ஐத் தாண்டிவிட்டது. அன்றைக்கு 10 கோடி டாலர் வாங்கியபோது கிடைத்தது 440 கோடி ரூபாய். அதில் இன்னும் கட்டாமல் நிற்கும் ஒவ்வொரு டாலருக்கும் இப்போது ஏறக்குறைய இரு மடங்கு ரூபாய் வேண்டும். 20 ஆண்டில் 44லிருந்து 85 என்பது ஆண்டுக்குச் சராசரியாக 3.3 சதவீதச் சரிவு. இந்த 3.3ஐ மறைமுக வட்டி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வெளிப்படையான வட்டி எப்படி வருகிறது? சாதாரணக் கடனுக்கு வட்டி நிலையானது அல்ல. அமெரிக்கச் சந்தையின் ஓரிரவுக் கடன் வட்டியை அடியாக வைத்து, அதன்மேல் 0.5 சதவீதம், நீண்ட தவணையாக இருந்தால் மேலும் 0.1 அல்லது 0.2 சேர்ப்பார்கள். அந்த அடி வட்டி 2021 நடுவில் பூஜ்யத்தை ஒட்டி இருந்தது. 2023 நடுவில் 5 சதவீதத்தைத் தாண்டியது. அதே ஒப்பந்தம், அதே சாலை. வட்டி மட்டும் ஒரு சதவீதத்துக்குக் கீழிருந்து ஆறை நெருங்கியது.

இப்போது கூட்டிப் பாருங்கள். 1 சதவீத வட்டியும் 3.3 சதவீத ரூபாய்ச் சரிவும் சேர்ந்தால் 4.3. மாநில அரசு உள்நாட்டிலேயே பத்திரம் விற்றால் ஏறத்தாழ 7 சதவீதம் ஆகும். அப்போது மணிலாக் கடன் லாபம். வட்டி 6 ஆகும்போது கூட்டுத்தொகை 9.3. அப்போது உள்நாட்டுக் கடனே மேல். "வெளிநாட்டுக் கடன் மலிவு" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதும், "வெளிநாட்டுக் கடன் அடிமைத்தனம்" என்று சொல்வதும் இந்தக் கூட்டலைச் செய்யாததால் வருவன.

இலங்கையில் இந்தச் சரிவு ஆண்டுக்கு மூன்று சதவீதமாக மெல்ல வரவில்லை. 2022 மார்ச் தொடக்கம் வரை ஒரு டாலர் சுமார் 200 இலங்கை ரூபாய் என்று பிடித்து வைத்திருந்தார்கள். பிடியை விட்டதும் இரண்டு மாதத்தில் 360ஐத் தொட்டது. 10 லட்சம் டாலர் தவணை கட்ட 20 கோடி ரூபாய் ஒதுக்கிய அரசுக்கு 36 கோடி தேவைப்பட்டது. அதற்கு ரூபாய் இருந்தாலும் டாலர் இல்லை. இலங்கை முன்பு வாங்கிய சாதாரணக் கடன்களும் மாறும் வட்டிக் கடன்கள்தான் என்பதால், நாணயம் விழுந்த அதே காலத்தில் வட்டியும் ஏறியது.

யார் கையெழுத்து: மணிலாவிலிருந்து நாகர்கோவில் வரை

சென்னை–கன்னியாகுமரி தொழில் வழித்தடத்துக்காக 2021 ஜூனில் 48.4 கோடி டாலர் கடனுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. வழித்தடம் தொடும் 23 மாவட்டங்களில் சுமார் 590 கிலோமீட்டர் மாநில நெடுஞ்சாலைகளை மேம்படுத்த இந்தப் பணம். அதே வழித்தடத்தில் தெற்கிலிருந்து வடக்கே மின்சாரம் கொண்டுபோகும் தொடரமைப்புக்கு 2019ல் 45.1 கோடி டாலர் ஒப்புதல் பெற்றது. முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலை சுற்றுவதைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு, தெற்கில் உற்பத்தியாகும் மின்சாரத்தை வெளியே எடுத்துச் செல்லக் கம்பி வேண்டும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இந்தக் கடன்களை வாங்கியவர் தமிழ்நாடு அரசு என்று பலர் நினைக்கிறார்கள். சட்டப்படி வாங்கியவர் இந்திய அரசு. கையெழுத்திடுவது மத்திய நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறை. மாநிலம் நேரடியாக வெளிநாட்டில் கடன் வாங்க அரசியலமைப்பு இடம் தரவில்லை. பணம் வரும் வழி இது:

1. ஒப்பந்ததாரர் வேலை முடித்துப் பட்டியல் கொடுக்கிறார். மாநில அரசு முதலில் தன் கருவூலத்திலிருந்து பட்டுவாடா செய்கிறது.

2. செலவுக் கணக்கு டெல்லியில் உள்ள வெளிநாட்டு உதவிக் கணக்குத் தணிக்கை அலுவலகத்துக்குப் போகிறது. அங்கிருந்து மணிலாவுக்கு.

3. வங்கி டாலரை இந்திய அரசுக்கு அனுப்புகிறது. இந்திய அரசு அதை ரூபாயில் மாநிலத்துக்கு வரவு வைக்கிறது.

4. தவணை நாளில் அன்றைய டாலர் விலைக்கு ஈடான ரூபாயை மத்திய அரசு மாநிலத்திடமிருந்து வசூலித்துக்கொள்கிறது.

நான்காவது வரிதான் முக்கியம். 2005க்கு முன் மத்திய அரசு வெளிநாட்டுக் கடனை மாநிலத்துக்கு 70 பங்கு கடன், 30 பங்கு மானியம் என்று மாற்றி ரூபாயில் கொடுத்துவந்தது. டாலர் விலை ஏற்றத்தை டெல்லி சுமந்தது. 12வது நிதிக் குழுவின் பரிந்துரைப்படி 2005 ஏப்ரல் முதல் கையெழுத்தாகும் கடன்கள், வந்த நிபந்தனையிலேயே தமிழ்நாடு போன்ற பொதுப் பிரிவு மாநிலங்களுக்குக் கைமாற்றப்படுகின்றன. வட்டி ஏற்றமும் ரூபாய்ச் சரிவும் இப்போது சென்னையின் கணக்கில். மலைப்பகுதி மாநிலங்களுக்கு மட்டும் 90 பங்கு மானியமாகவே போகிறது. "டெல்லி வாங்கித் தந்தது" என்று மேடையில் கேட்கும்போது இதையும் சேர்த்து நினைக்கவேண்டும். டெல்லி தருவது தன் பெயரின் மதிப்பை. விலை ஏற்றத்தைச் சுமப்பது தமிழ்நாடு.

அந்தப் பெயரின் மதிப்பும் சிறியதல்ல. தமிழ்நாட்டில் ஒரு ஆண்டு வருவாய் குறைந்தாலும் மணிலாவுக்கு டாலர் போய்விடும். ரிசர்வ் வங்கியின் கையிருப்பு பின்னால் நிற்கிறது. மத்திய அரசின் மொத்தக் கடனில் வெளிநாட்டுப் பங்கு ஏறத்தாழ 5 சதவீதம்தான். இலங்கையில் மாகாணத்துக்கும் மணிலாவுக்கும் நடுவில் இப்படி ஓர் அகலமான மெத்தை இல்லை. கையெழுத்திடும் கொழும்பே விழக்கூடிய ஆள்.

அளவைத் தலைக்கணக்கில் பார்த்தால்

இந்தியா இதுவரை இந்த வங்கியில் வாங்கியது மொத்தம் ஏறத்தாழ 6,000 கோடி டாலர். இலங்கை வாங்கியது 1,000 கோடிக்கு மேல். இதைக் காட்டி இந்தியாதான் பெரிய கடனாளி என்று எழுதுகிறார்கள். 140 கோடிப் பேருக்கு 6,000 கோடி என்றால் ஆளுக்கு 43 டாலர். 2.2 கோடிப் பேருக்கு 1,000 கோடி என்றால் ஆளுக்கு 450 டாலருக்கு மேல். பத்து மடங்கு. 2021 ஏப்ரல் நிலவரப்படி இலங்கை அரசின் வெளிநாட்டுக் கடன் சுமார் 3,510 கோடி டாலர். அதில் 47 சதவீதம் சந்தைப் பத்திரங்கள், 13 சதவீதம் ஆசிய வளர்ச்சி வங்கி, சீனாவும் ஜப்பானும் தலா 10, உலக வங்கி 9, இந்தியா 2.

அன்றைய கணக்கில் இலங்கையின் மிகப் பெரிய தனிக் கடன்காரர், அதாவது கடன் கொடுத்தவர், சீனா அல்ல, மணிலாதான். ஆனால் நெருக்கடியை உண்டாக்கியதில் முதல் பங்கு சந்தைப் பத்திரங்களுக்கு. அவை அதிக வட்டி, குறுகிய தவணை, முதிர்வு நாளில் முழு அசலும் ஒரே மூச்சில் கட்டவேண்டியவை. 25 ஆண்டுக் கடனோடு அவற்றை ஒப்பிடுவது, கூட்டுறவு வங்கிப் பயிர்க்கடனைக் கந்துவட்டியோடு ஒப்பிடுவதுபோல.

கைவிரித்த நாடு யாருக்குக் கட்டியது

2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக அறிவித்தது. பத்திரக்காரர்கள், சீனா, ஜப்பான், இந்தியா என எல்லாருக்கும் அது பொருந்தியது. ஆசிய வளர்ச்சி வங்கி, உலக வங்கி, சர்வதேச நாணய நிதியம் மூன்றும் அந்தப் பட்டியலில் இல்லை. பெட்ரோலுக்கு மைல் நீள வரிசை நின்ற நாட்களிலும் மணிலாவுக்கான தவணைகள் போயின.

இதற்கு முன்னுரிமைக் கடன்காரர் நிலை என்று பெயர். எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படாத, ஆனால் எல்லாரும் மதிக்கும் வழக்கம். காரணம் முன்பே சொன்னதுதான். இந்த வங்கிக்குப் பாக்கி விழுந்தால் அதன் தரமதிப்பீடு ஆடும், பிற ஏழை நாடுகளுக்கும் வட்டி ஏறும். வேறு யாரும் கடன் தராத நாளில் புதுப் பணம் தருவதும் இந்த வங்கிகள்தான். பாக்கி வைத்தால் அந்தப் பணமும், நடந்துகொண்டிருக்கும் திட்டங்களுக்கான பணமும் நிற்கும்.

2023 மார்ச்சில் நாணய நிதியம் சுமார் 300 கோடி டாலர் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மே மாதம் ஆசிய வளர்ச்சி வங்கி 35 கோடி டாலரும், டிசம்பரில் வங்கித் துறைச் சீரமைப்புக்கு 20 கோடியும் ஒதுக்கியது. இவை சாலைக் கடன்கள் அல்ல, கொள்கைக் கடன்கள். குறிப்பிட்ட சட்டத்தை நிறைவேற்று, குறிப்பிட்ட சீர்திருத்தத்தைச் செய், பிறகு பணம் நேராக வரவுசெலவுக் கணக்குக்குப் போகும். இந்தியாவில் நாம் அதிகம் பார்ப்பது திட்டக் கடன். செலவான சிமெண்டுக்கும் தாருக்கும் கணக்குக் காட்டினால் பணம். கொள்கைக் கடனில் கண்ணுக்குத் தெரியும் பாலம் ஏதும் இருக்காது. மக்களுக்குத் தெரிவது மின்கட்டண உயர்வும் வரி உயர்வும்தான். கோபம் வருவது இயல்பு.

இந்தியா இங்கே இரண்டு வரிசையிலும் நின்றது. நேரடிக் கடன்காரராக, ஜப்பான், பிரான்சோடு சேர்ந்து கடன்காரர் குழுவுக்குத் தலைமை வகித்து, 2024 ஜூன் 26 அன்று அந்தக் குழுவின் மொத்தம் 580 கோடி டாலர் கடனின் தவணையை நீட்டிக்க உடன்பட்டது. ஆசிய வளர்ச்சி வங்கியின் பங்குதாரராக, அந்த வங்கிக்கு வரவேண்டிய பணம் ஒரு காசு குறையாமல் வந்து சேர்வதையும் பார்த்தது.

திட்டம் எங்கே கெடுகிறது

கையெழுத்தான 60 நாளில் தொடங்கி, எடுக்காமல் கிடக்கும் சாதாரணக் கடனுக்கு ஆண்டுக்கு 0.15 சதவீத உறுதிக் கட்டணம் உண்டு. 48.4 கோடி டாலரும் எடுக்காமல் ஓர் ஆண்டு கிடந்தால் 7.26 லட்சம் டாலர், சுமார் 6 கோடி ரூபாய், வெறுமனே போகும். நிலம் கையில் வராமல், மின்கம்பமும் குடிநீர்க் குழாயும் மாற்றாமல் ஒப்பந்தம் விட்டால் நடப்பது இதுதான். வீடும் தென்னையும் சாலையை ஒட்டியே நெருங்கி நிற்கும் குமரி மாவட்டத்தில் இரண்டு மீட்டர் அகலப்படுத்துவதுகூட நூற்றுக்கணக்கான பட்டாக்களைத் தொடும். சாலை வேலையைவிடப் பட்டா வேலைக்குத்தான் காலம் அதிகம் பிடிக்கும்.

யாழ்ப்பாணம்–கிளிநொச்சி குடிநீர்த் திட்டம் வேறுவிதப் பாடம். 2010ல் ஆசிய வளர்ச்சி வங்கி 9 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்டது. இரணைமடுக் குளத்தை உயர்த்தி அந்த நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோவது திட்டம். குளத்தை நம்பிப் பயிர் செய்யும் கிளிநொச்சி விவசாயிகள் ஏற்கவில்லை. வறண்ட ஆண்டில் தங்கள் வயலுக்கே தண்ணீர் போதாது என்றார்கள். பொறியியல் கணக்கு சரியாக இருந்தும், தண்ணீர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி முன்பே தீர்க்கப்படவில்லை. திட்டம் கடல்நீரைக் குடிநீராக்குவதற்கு மாறியது. அப்போது மீனவர்களுக்கு, வெளியேற்றும் உப்புக் கழிவு பற்றிய அச்சம் எழுந்தது. தாளையடியில் நாளுக்கு 2.4 கோடி லிட்டர் தரும் ஆலை 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டபோது முதல் ஒப்புதலிலிருந்து 14 ஆண்டு ஓடியிருந்தது. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கடைமடைக்கு வருமா என்று ஒவ்வொரு கும்பப்பூ நெற்பருவத்திலும் கவலைப்படுகிறவர்களுக்குக் கிளிநொச்சி விவசாயியின் மறுப்பு புரியும்.

அதே வடக்கில் மன்னார் காற்றாலைக்கு 2017ல் 20 கோடி டாலர் ஒப்புதலானது. 2020 இறுதியில் 30 காற்றாலைகளோடு சுமார் 100 மெகாவாட் ஆலை இயங்கத் தொடங்கியது. ஒரே வங்கி, ஒரே மாகாணம், ஒரே நாடு. ஒன்று 3 ஆண்டு, மற்றொன்று 14.

நம் பகுதியில் இப்படி ஒரு திட்டம் வந்தால்

பலகையில் உள்ள கடன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைக் கொண்டு வங்கியின் இணையதளத்தில் கடன் ஒப்பந்தம், மறுகுடியமர்வுத் திட்டம், சுற்றுச்சூழல் அறிக்கை ஆகியவற்றைத் தேடி எடுக்கலாம். பார்க்கவேண்டியவை:

1. மறுகுடியமர்வுத் திட்டத்தின் பட்டியலில் உங்கள் சர்வே எண் இருக்கிறதா. பட்டா இல்லாமல் குடியிருப்பவருக்கும் கடை வைத்திருப்பவருக்கும் வங்கியின் பாதுகாப்புக் கொள்கைப்படி, நிலத்துக்கு இல்லாவிட்டாலும் கட்டடத்துக்கும் பிழைப்புக்கும் ஈடு உண்டு. கணக்கெடுப்பை ஒட்டிக் குறிக்கும் கடைசித் தேதிக்குப் பின் வந்தவருக்கு இல்லை. அதனால் கணக்கெடுப்பு நாளில் ஆள் இருக்கவேண்டும்.

2. ஈட்டுத்தொகை இடிப்பதற்கு முன் தரப்பட வேண்டும். இடித்த பிறகு தருகிறோம் என்றால் அது கடன் ஒப்பந்தத்தை மீறுவது.

3. முதலில் எழுத்துமூலமாகத் திட்ட அலுவலகத்திலும் பிறகு வங்கியின் திட்டப் பிரிவிலும் முறையிட்டு, ஒப்புகை வாங்கி வைக்கவேண்டும். அங்கே தீராவிட்டால் வங்கியின் பொறுப்புடைமை அமைப்புக்குப் போகலாம். பாதிக்கப்பட்டவர்கள் குறைந்தது இருவர் சேர்ந்து கையெழுத்திடவேண்டும். கடன் கணக்கு முடியும் தேதிக்குப் பின் இரண்டு ஆண்டு வரை காலம் உண்டு.

மனுவை ஆங்கிலத்தில் எழுதவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கடன் வாங்கும் உறுப்பு நாடுகளின் ஆட்சிமொழி அல்லது தேசியமொழி எதில் எழுதினாலும் ஏற்பார்கள். தமிழ் இலங்கையின் ஆட்சிமொழிகளுள் ஒன்று.